தீஃப் 2 விளையாட்டில் ஒலி திக்குகிறது, திரை உறைகிறது: எங்கிருந்து தொடங்குவது?

இருட்டுப்பூனை (ஜெயநகர், பெங்களூரு)

வணக்கம். லுக்கிங் கிளாஸ் குழுவினர் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தீஃப் 2 விளையாட்டை, பழைய விளையாட்டுகளுக்கென்றே வைத்திருக்கும் விண்டோஸ் 7 கணினியில் மீண்டும் ஆடத் தொடங்கியிருக்கிறேன். ஆடியவர்களுக்குத் தெரியும், இதைக் கண்ணைவிடக் காதை நம்பித்தான் ஆட வேண்டும். காவலன் கல்தரையில் நடக்கிறானா, கம்பளத்தில் நடக்கிறானா, கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதையெல்லாம் காலடி ஓசையை வைத்தே கணிக்க வேண்டியிருப்பதால், ஓசை கெட்டால் ஆட்டமே கெட்டது.

எனக்கு நேர்வது மூன்று விதம். முதலாவது, படம் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியில் மட்டும் அவ்வப்போது ஒரு கரகரப்பு வந்து போகிறது. இரண்டாவது, துறைமுகக் கிடங்கில் நடக்கும் கட்டத்தில் காவலர் பேச வாயெடுத்ததும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. கடைசியாகக் கேட்ட ஒலித்துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்க, சில நொடிகள் கழித்து எல்லாம் தானாகவே தொடர்கிறது. மூன்றாவது, எப்போதாவது முற்றிலுமாக உறைந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து விளையாட்டை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கணினி எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகங்கள் வாங்கிச் சேர்த்தது. நான்கு கோர் செயலி, ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் உண்டு. ஒலி மதர்போர்டிலிருந்தே வருகிறது. ஹார்ட் டிஸ்க் பழையது, இன்னொரு கணினியிலிருந்து கழற்றியது. ரவுட்டர் ஹாலில் இருப்பதால் யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் பொருத்தியிருக்கிறேன். விளையாட்டில் எந்தத் திருத்தமும் சேர்க்கவில்லை. ஒலி அமைப்புகளில் எதை முதலில் மாற்றிப் பார்க்கலாம்?

பழைய பெட்டி (ராஜாஜிநகர்)

நண்பரே, மூன்றாவது சிக்கலுக்கு விடை எளிது. இந்த விளையாட்டின் எஞ்சின் ஒற்றைக் கோர் செயலிகளின் காலத்தில் எழுதப்பட்டது. பல கோர்களில் ஓடவிட்டால் உறைந்துபோவது பலரும் கண்ட குறை. டாஸ்க் மேனேஜரில் விளையாட்டின் புராசஸை வலது சொடுக்கு செய்து, 'செட் அஃபினிட்டி' வழியாக ஒரே கோருக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் செய்ய அலுப்பாக இருந்தால், ஸ்டார்ட் கட்டளையோடு அஃபினிட்டி 1 என்ற சுவிட்சைச் சேர்த்து ஒரு பேட்ச் கோப்பு எழுதி, அதிலிருந்தே விளையாட்டைத் தொடங்கலாம்.

அலைவரிசை (ஒயிட்ஃபீல்டு)

ஒலி டிரைவர் எழுதுவது என் தொழில் என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். 'திக்குகிறது' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டு ஒலி அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் பல நாள் இரவுகள் வீணாகும். நீங்கள் மூன்றையும் பிரித்துச் சொன்னது பாதி வேலையை முடித்துவிட்டது. மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு என்றே நினைக்கிறேன்.

அந்தக் காலத்து விளையாட்டுகள், விண்டோஸின் ஒலி இடைமுகமான டைரக்ட்சவுண்ட் வழியே ஒலியை அனுப்பும்போது, நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை வளையமாக வைத்துக்கொள்கின்றன. வாசிக்கும் முனை செக்கைச் சுற்றும் மாடுபோல அந்த வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். விளையாட்டு அதற்கு முன்னால் ஓடிப் புதிய ஒலியை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். விளையாட்டு எங்கேயாவது காத்து நின்றுவிட்டால், வாசிக்கும் முனைக்கு அது தெரியாது. பழைய ஒலியையே மீண்டும் வாசிக்கும். ஆகவே சொன்னதையே சொல்லும் ஒலியும் நின்றுபோன படமும் சேர்ந்து வந்தால், கோளாறு ஒலியில் இல்லை, விளையாட்டு வேறெதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். நீங்கள் சொல்லும் இடம் எனக்கு ஹார்ட் டிஸ்கையே காட்டுகிறது. தீஃப் 2 தன் ஒலிகளை 'ரெஸ்' கோப்புறையில் உள்ள சி.ஆர்.எஃப். கோப்பு ஒன்றில் அடுக்கி வைத்திருக்கிறது. உள்ளே பார்த்தால் அது சாதாரண ஜிப் கோப்புதான். காவலனின் பேச்சு அடங்கிய பகுதி டிஸ்கின் கெட்டுப்போன செக்டார் (தரவு பதியும் சிறு பகுதி) ஒன்றில் விழுந்திருந்தால், டிஸ்க் அதை விடாமல் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், அதுவரை விளையாட்டும் நின்றிருக்கும். உறைவது எப்போதும் அதே வசனத்தில்தானா என்று பாருங்கள். பிறகு அந்தக் கோப்பை வேறு டிரைவுக்கு நகலெடுத்துப் பாருங்கள். நகல் நடுவில் தடுமாறினால் ஐயமே வேண்டாம். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் 05, சி5 என்ற இரு வரிகளின் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலாவது மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை, இரண்டாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவற்றின் எண்ணிக்கை.

கரகரப்பு வேறு கதை. படம் ஓடுகிறது என்றால் விளையாட்டு நலமாக இருக்கிறது. ஆனால் ஒலியை வெளியே அனுப்பும் விண்டோஸின் பகுதிக்கு உரிய நேரத்தில் செயலி கிடைக்கவில்லை. விண்டோஸின் ஒலி எஞ்சின் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை விழித்து வேலை செய்வது. டிரைவர்கள் தங்கள் டி.பி.சி. பணியை (சாதனம் அழைத்ததும் மற்ற நிரல்களை நிறுத்திவிட்டுச் செய்யும் அவசர வேலை) 100 மைக்ரோநொடிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. ஏதோ ஒரு டிரைவர் பல மில்லிநொடிகள் செயலியைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஒலியில் ஓட்டை விழும். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் எந்த டிரைவர் குற்றவாளி என்று பெயரோடு சொல்லிவிடும். வைஃபை அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிவிட்டு ஒருமுறை ஓடவிட்டு ஒப்பிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் 7 கணினி இணையத்தில் இல்லாமலிருப்பது வேறு வகையிலும் நல்லதே.

நள்ளிரவு நாடோடி (சி.வி. ராமன் நகர்)

பழைய பெட்டி சொன்ன வழி சரியானதே, ஆனால் எண் 1 மட்டும் வேண்டாம். அந்த எண் கோரின் வரிசை எண் அல்ல, பதினாறடிமான முறையில் எழுதும் ஒரு முகமூடி எண்: 1 என்றால் முதல் கோர், 2 என்றால் இரண்டாவது, 4 என்றால் மூன்றாவது. பெரும்பாலான கணினிகளில் சாதனங்கள் செயலியை அழைக்கும் குறுக்கீடுகளில் பெரும்பகுதி முதல் கோரின் தலையில்தான் விழுகிறது. விளையாட்டையும் அங்கேயே அடைத்தால், உறைவது நின்று திக்குவது கூடிவிடும். ஹைப்பர்த்ரெடிங் உள்ள செயலியில் பொதுவாக முதல் இரண்டும் ஒரே கோரின் இரு முகங்கள் என்பதால், 4 கொடுப்பதே நல்லது.

இதைவிட, பெயர் வெளியிடாத ஒருவரால் 2012இல் வெளியான நியூடார்க் என்ற எஞ்சின் மேம்பாட்டைச் சேர்த்துவிட்டால் அஃபினிட்டி வேலையே தேவைப்படாது. டி2ஃபிக்ஸ் என்ற தொகுப்பில் அது சேர்ந்தே வருகிறது. இந்த விளையாட்டை இன்றும் பழைய எஞ்சினிலேயே ஆடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இருட்டுப்பூனை

மூவருக்கும் நன்றி. அலைவரிசை அவர்கள் சொன்ன வரிசையிலேயே சோதித்தேன். அடாப்டரைக் கழற்றியதும் கரகரப்பு அடியோடு நின்றது. மாட்டியதும் லேட்டன்சிமானில் அதன் டிரைவரே முதலிடத்துக்கு வந்தது. ஆடும்போது கழற்றி வைத்துவிடுகிறேன்.

உறைவது எப்போதும் ஒரே வசனத்தில்தான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 வரி பூஜ்யமாக இல்லை. ஒலிக்கோப்பை நகலெடுத்தபோது பாதியில் நின்று, நெடுநேரம் முனகி, பிழை என்று முடிந்தது. மூலத் தட்டு கையில் இருப்பதால் புதிய எஸ்.எஸ்.டி.யில் விளையாட்டை நிறுவி, டி2ஃபிக்ஸையும் சேர்த்தேன். அந்த வசனம் இப்போது தடங்கலின்றி வருகிறது, முழு உறைவும் இதுவரை தலைகாட்டவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில், சவுண்ட் கார்டு பொருத்திய கணினியில் ஆடியபோது பெரிய மண்டபங்களில் காலடி எதிரொலிக்கும். இப்போது எல்லா அறையும் ஒரே மாதிரி ஒலிக்கிறது. இதுவும் கோளாறுதானா?

அலைவரிசை

கோளாறு இல்லை. அந்த எதிரொலி இ.ஏ.எக்ஸ். எனப்படும் வசதி, டைரக்ட்சவுண்ட் நேரடியாகச் சவுண்ட் கார்டின் வன்பொருளைத் தொட முடிந்த வரையில் அது வேலை செய்தது. 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த நேர்வழியை அடைத்துவிட்டு ஒலிக் கலப்பு முழுவதையும் மென்பொருளுக்கு மாற்றினார்கள், உங்கள் விண்டோஸ் 7ம் அதே வழிதான். இதற்காக கிரியேட்டிவ் நிறுவனம் தன் கார்டுகளுக்கு ஆல்கெமி என்ற மாற்றுக்கருவியை வெளியிட்டது. உங்களுக்கு அந்தக் கார்டும் வேண்டாம், ஆல்கெமியும் வேண்டாம்: நியூடார்க், ஓப்பன்ஏ.எல். என்ற வேறொரு ஒலி இடைமுகம் வழியாகவே பேசக்கூடியது. இலவசமான ஓப்பன்ஏ.எல். சாஃப்டை நிறுவி, விளையாட்டின் ஒலிப் பக்கத்தில் வன்பொருள் முடுக்கத்தையும் இ.ஏ.எக்ஸையும் இயக்கிவிடுங்கள். எதிரொலியைச் செயலியே கணக்கிட்டுக்கொள்ளும்; இன்றைய செயலிக்கு அது ஒரு சுமையே இல்லை.

பழைய டிஸ்கில் புகைப்படம், ஆவணம் ஏதாவது இருந்தால் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்கை ஓட்டுவதற்கு முன்பே நகலெடுத்துவிடுங்கள். தள்ளாடும் டிஸ்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைக்கும் சோதனையைத் தொடங்கினால், அது முடியும்வரை டிஸ்க் தாங்கும் என்று நம்ப முடியாது.