4எஸ் ரிமோட் படகு மணிக்கு 52 கி.மீ.-ஐத் தாண்டவில்லை, 6எஸ் பேட்டரி போடலாமா?

குட்டைக்கரை:

வணக்கங்க. என்னிடம் இருப்பது ரிமோட்டில் ஓடும் 68 செ.மீ. ஃபைபர் டீப்-வி (அடிப்பாகம் ஆழமான 'V' வடிவம்) படகு. 2000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) ப்ரஷ்லெஸ் மோட்டார், தண்ணீர் ஓடிக் குளிரும் 90 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 4எஸ் (நான்கு செல், 14.8 வோல்ட்) 5000 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி. ப்ரொப்பல்லர் பெட்டியோடு வந்த 42 மி.மீ. பிளாஸ்டிக்.

உள்ளே ஒட்டிய ஜி.பி.எஸ். 52 கி.மீ. காட்டுகிறது. 45 மி.மீ. ப்ரொப்பல்லர் மாட்டினேன். 54 வந்தது, ஆனால் இரண்டே நிமிடத்தில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. முழு த்ராட்டிலில் மூக்கு தவளை மாதிரிக் குதிக்கிறது. மூக்கு தூக்கினால் வேகம் வரும் என்று கேள்விப்பட்டு ஸ்ட்ரட்டின் (ப்ரொப்பல்லர் தண்டைப் பின்னால் தாங்கும் கை) வால்பக்கத்தை 2 டிகிரி மேலே ஏற்றி, பேட்டரியையும் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். எடை நிற்கும் புள்ளி பின்பலகையிலிருந்து 17 செ.மீ.

ஓட்டுவது பொள்ளாச்சிப் பக்கம் மாமனார் தோப்பில் உள்ள பண்ணைக்குட்டையில். நீளம் 60 மீட்டர். 70 தொட வேண்டும். 6எஸ் (ஆறு செல்) பேட்டரி வாங்கும் முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

லேத்துக்காரர்:

பேட்டரி வாங்காதீங்க தம்பி. முதலில் ஒரு கணக்கு.

2000-ஐ 14.8 வோல்ட்டால் பெருக்கினால் 29,600 சுற்று. உங்கள் ப்ரொப்பல்லரின் பிட்ச் விகிதம் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 58.8 மி.மீ. முன்னேற வேண்டும். நிமிடத்துக்கு 1,740 மீட்டர், அதாவது மணிக்கு 104 கி.மீ. இது காகிதத்தில். தண்ணீரில் சுமை ஏறியதும் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு போகும், வழுக்கலில் இன்னொரு 15 சதவீதம் போகும். மிச்சம் 70. நீங்கள் கேட்கிற 70 ஏற்கெனவே அந்த மோட்டாரில் இருக்கிறது. 18 கிலோமீட்டரைத் தண்ணீர் தின்கிறது. எங்கே தின்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

6எஸ் போட்டால் 44,400 சுற்று. சுமை சுற்றின் மும்மடியில் ஏறும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். மோட்டாரையும் ப்ரொப்பல்லரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் பாம்பு மாதிரி ஆடும், இ.எஸ்.சி. புகையும். 45 மி.மீ. போட்டபோது சுட்டதும் இதே கதைதான். விட்டம் மூன்று மி.மீ. கூடினாலும் சுமை விட்டத்தின் ஐந்தாம் மடியில் ஏறுவதால் சுமார் 40 சதவீதம் கூடிவிடும். கிடைத்தது இரண்டு கிலோமீட்டர்!

தவளைக் குதிப்புக்குக் காரணம் நீங்களேதான். வால்பக்கம் ஏறிய ஸ்ட்ரட் பின்பக்கத்தைக் கீழே அமுக்குகிறது. எடையும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மூக்கு எழுகிறது, நிற்க முடியாமல் விழுகிறது, மறுபடி எழுகிறது. ஒவ்வொரு முறை விழும்போதும் வேகம் போகிறது. ஸ்ட்ரட்டைப் படகின் அடிப்பாகத்துக்கு இணையாக, பூஜ்ஜியத்தில் வையுங்கள். ப்ரொப்பல்லரின் நடுமையம் அடிமட்டத்தோடு சேர்ந்து நிற்கட்டும், ஓடும்போது மேல்பாதி காற்றில் சுற்ற வேண்டும். எடை நிற்கும் புள்ளி, பின்பலகையிலிருந்து படகு நீளத்தில் 30 சதவீதத்துக்கு வரட்டும். உங்கள் படகுக்கு 20, 21 செ.மீ.

அப்புறம் அடிப்பலகை. இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் எரிச்சல். ஸ்டீல் ஸ்கேலை நெட்டுவாக்கில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கடைசிப் பத்து செ.மீ. வெளியே வளைந்திருந்தால் எதை மாற்றினாலும் குதிக்கும். கார் பெயிண்ட் பட்டறைக்காரர்கள் போடும் பட்டியை அப்பி, மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து நேராக்குங்கள். பின்விளிம்பு கத்தி மாதிரிக் கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் விடாமல் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

கடைசியாக ப்ரொப்பல்லர். பிளாஸ்டிக் சுமையில் வளையும். ஆக்டுரா எக்ஸ்440 கிடைத்தால் போடுங்கள்: 40 மி.மீ., விகிதம் 1.4. அது கூர் இல்லாமல்தான் வரும். முன்விளிம்பைக் கூராக்கி, எடையைச் சமன் செய்யாமல் மாட்டாதீர்கள். தண்ணீரைத் தள்ளும் முகத்தைத் தொடாமல் மறுபக்கம் மட்டும் தேயுங்கள். அது பெரிலியம் கலந்த செம்பு, தூள் நுரையீரலுக்கு விஷம். தண்ணீரில் நனைத்தபடி, முகமூடி போட்டுக்கொண்டு தேய்க்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மின்கம்பி:

லேத்து அண்ணா சொன்னதோடு ஒன்று. பேட்டரி வயதானதா? முழு சுமையில் 13 வோல்ட்டுக்கு இறங்கினால் அங்கேயே 12 சதவீத வேகம் காலி. ஓட்டி முடித்ததும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்க, சுட்டால் சால்டரிங் சரியில்லை.

இன்னொன்று, 70 கி.மீ. என்றால் நொடிக்கு 19 மீட்டருக்கும் மேல். உங்கள் குட்டை மூன்று நொடியில் முடிந்துவிடும். வேகம் பிடிக்கவே இடமில்லை. 52 என்பதே குட்டையின் அளவாக இருக்கலாம், படகின் அளவாக இல்லை.

குட்டைக்கரை:

மூன்று வாரம் ஆனது, மன்னிக்கவும். நண்பரின் மீன் பண்ணையில் அறுவடை முடிந்ததும் 180 மீட்டர் நீளம் கிடைத்தது. எதையும் மாற்றாமல் ஓட்டினேன், 55. மின்கம்பி சொன்னது பாதி சரி.

ஸ்ட்ரட்டும் எடையும் மாற்றியதில் 59, குதிப்பு பெரும்பாலும் நின்றது. ஸ்கேல் வைத்தால் கடைசி எட்டு செ.மீ. நன்றாகவே வளைந்திருந்தது. பட்டி போட்டு நான்கு நாள் தேய்த்தேன், 62. எக்ஸ்440-க்குப் பிறகு 67. மோட்டார் இப்போது வெதுவெதுப்போடு சரி. நடுவில் ஒருமுறை ஷாஃப்டில் பாசி சுற்றி நின்றுபோய், லாரி ட்யூபில் மிதந்து போய் எடுத்து வந்தேன்.

ஆனால் 65-க்கு மேல் படகு இடமும் வலமும் உருள ஆரம்பிக்கிறது. அடுத்து கவிழும் போலிருக்கிறது.

லேத்துக்காரர்:

67-ஆ? பரவாயில்லையே. அந்த உருளலுக்கு ட்ரிம் டேப் (பின்பலகையின் அடியில் உள்ள சிறு தகடு) இரண்டையும் அரை மி.மீ. கீழே இறக்கலாம், எடையை இன்னும் அரை செ.மீ. முன்னால் தள்ளலாம். அதற்கு முன் ரடரை (சுக்கானை) கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

குட்டைக்கரை:

ஆடுதுங்க. அது திரும்பும் பிவட் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது.

லேத்துக்காரர்:

ரடரைக் கழற்றி எடுத்து வாங்க, அந்த ஓட்டைக்குள் செருக பித்தளையில் புஷ் கடைந்து தருகிறேன். சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் பட்டறையில் வேலை குறைவு.