பைத்தானில் தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தினால் னகரம் முன்னால் வந்துவிடுகிறது

கேள்வி:
எங்கள் ஊர் நூலகத்துக்காகச் சொல்லடைவு ஒன்றைப் பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் தொகுத்து வருகிறேன். அவல், அன்பு, அகம், அறம், அப்பம் ஆகிய சொற்களைப் பட்டியலாக்கி, வரிசைப்படுத்தித் தரும் சார்டட் (sorted) செயற்கூறிடம் கொடுத்தால், அகம், அன்பு, அப்பம், அறம், அவல் என்று திருப்பித் தருகிறது. அகராதிப்படி அகம், அப்பம், அவல், அறம், அன்பு என்றல்லவா வர வேண்டும்? கணக்கு என்ற சொல்லும் கண் என்பதற்கு முன்னால் போய் நிற்கிறது. இந்தக் கணினியில் வெளியார் நிரல்கள் எவற்றையும் நிறுவ எனக்கு அனுமதி இல்லை. வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி:
செயற்கூறில் பிழை இல்லை, ஐயா. பைத்தான் இரு சரங்களை ஒப்பிடும்போது நம் நெடுங்கணக்கைப் பார்ப்பதில்லை. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடாகிய யூனிகோட்டில் குறிகளுக்குள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் வேறுபடும் இடத்தில் எது சிறியதோ அதை முன்னால் வைக்கிறது. ந 2984, ன 2985, ப 2986, ற 2993, வ 2997. இந்திய மொழிகளுக்கு முன்பே இருந்த இஸ்கி குறியீட்டின் அடுக்கை யூனிகோட் பின்பற்றியதால், கடைசியில் நிற்க வேண்டிய னகரம் நகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. புள்ளியின் எண் 3021; ககரத்தின் எண் 2965. மூன்றாம் குறியாகக் கண் என்பதில் புள்ளியும் கணக்கு என்பதில் ககரமும் வருவதால்தான் கண் பின்தங்குகிறது.

ஆகவே சொல்லை மாற்றாமல், ஒப்பிடப்படும் மதிப்பை மட்டும் மாற்றுங்கள். சார்டட் செயற்கூறின் 'கீ' என்ற இடத்தில், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிணையைத் தரும் செயற்கூறு ஒன்றைக் கொடுங்கள். உயிருக்கு 1 முதல் 12, ஆய்தத்துக்கு 13, ககரம் தொடங்கி மெய்களுக்கு 14 முதல் 31 என்பது இணையின் முதல் எண். புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2 என்று போவது இரண்டாம் எண். க் என்பது (14, 0), க என்பது (14, 1), கா என்பது (14, 2) ஆகிவிடும். கிரந்த எழுத்துகளை 32 முதல் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
எழுதிப் பார்த்தேன். எண்ணையும் டியூப்பிளையும் (எண்ணிணையை) ஒப்பிட முடியாது என்று டைப்எரர் என்ற பிழைச்செய்தி வந்து நின்றுவிட்டது. அதோடு, 'கொடி' இருமுறை இருக்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தும் சமமா என்று கேட்டால் ஃபால்ஸ் (இல்லை) என்கிறது. ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5.

மறுமொழி:
உயிரெழுத்துக்கு இணையைத் தராமல் வெறும் எண்ணைத் தந்திருப்பீர்கள். அதையும் (1, 0) என்று இணையாகவே கொடுங்கள். பைத்தான் 2 இதையும் வாய்மூடி ஏதோ ஒரு வரிசையில் அடுக்கிக் கொடுத்திருக்கும். அதைவிட இப்படி நின்றுவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம். எகரக் குறியும் கால்குறியுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். பைத்தானோடே வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் செயற்கூறால் எல்லாச் சொற்களையும் முதலில், இரண்டாக உள்ளிட்டதை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு எழுத்துகளைப் பிரியுங்கள்.

கேட்டவர்:
இரண்டும் தீர்ந்தன, நன்றி. கண், கண்ணன், கணக்கு என்று முறையாக வருகின்றன. கொடியைப் போல இரட்டையாகக் கிடந்த சொற்கள் இன்னும் சில அகப்பட்டன, அவற்றைக் களைந்துகொண்டிருக்கிறேன்.