ஐவிஐஜி எதிர்ப்பு செல்களை எப்படி அடக்குகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நோயெதிர்ப்பியல் படித்தவர்கள், குழந்தை மருத்துவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி. அக்கா மகனுக்குக் கவாசாகி நோய் (சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் ரத்தக்குழாய் அழற்சி) என்று ஐவிஐஜி, அதாவது ரத்தநாளம் வழியாகச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின், ஏற்றினார்கள், கிலோவுக்கு 2 கிராம் கணக்கில். காய்ச்சல் இறங்கிவிட்டது, பையன் நன்றாக இருக்கிறான். எனக்குப் புரியாதது வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஐஜிஜி ஆன்டிபாடிதானே அது, கிருமியோடு சண்டை போட வேண்டிய சரக்கு, அது எப்படி எதிர்ப்பு செல்களையே அடக்குகிறது? மேக்ரோபேஜ் என்கிற விழுங்கு செல் மேலுள்ள, ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ரிசெப்டர்களை அடைத்துக்கொள்ளும், எஃப்சி காமா 2பி என்கிற தடுப்பு ரிசெப்டரைக் கூட்டும், எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரி டி செல்களைத் தூண்டும் என்று தேடினால் பல விளக்கம் வருகிறது. 1981ல் இம்பாக் என்கிற மருத்துவர், ஆன்டிபாடியால் தட்டணுக்கள் அழிந்து குறையும் ஐடிபி நோயுள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தபோது தட்டணுக்கள் ஏறியதற்கு முதல் விளக்கம் பொருந்துகிறது, சரி. கவாசாகியில் வரும் ரத்தக்குழாய் அழற்சிக்கு இதில் எது முக்கியம்?

அப்புறம், ஏறிய ஆன்டிபாடி தடுப்பூசி வைரஸை முடக்கிவிடுமாம், அதனால் எம்எம்ஆர் தடுப்பூசியை (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கானது) 11 மாதம் தள்ளிப்போடச் சொன்னார்கள். ஐஜிஜியின் அரை ஆயுள் சுமார் 3 வாரம்தானே, அவ்வளவு நாள் எதற்கு? தமிழில் எளிமையான கட்டுரை இருந்தாலும் போடுங்கள்.