பழைய மாருதி 800: பின் டிரம் கழல மாட்டேங்குது

கேள்வி: இடது பின் சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம். பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்குது. வீட்டிலேயே பிரிக்கப் பார்க்கிறேன். டிரம் (சக்கரத்தோட சுழலும் பிரேக் கிண்ணம்) கொஞ்சம் அசையுது, வெளியே வரலை.

பதில் 1: ஹேண்ட் பிரேக்கை முதலில் இறக்குங்க சார், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைங்க. டிரம் உள்விளிம்பில் தேயாத வரம்பு நிற்கும். ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டை) அதில் மாட்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை நல்லா லூஸ் பண்ணினா ஷூ உள்ளே வாங்கும். டிரம்மில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருந்தா, அதில் போல்ட் போட்டு மாறி மாறி கால் சுற்று இறுக்குங்க, டிரம் வெளியே தள்ளும். விளிம்பில் சுத்தியலால் ஓங்கி அடிச்சா வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

பதில் 2: ஈரம்னா வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) உள்ளே இருக்கிற கப், அதாவது ரப்பர் சீல், போயிருக்கலாம். ரப்பர் உறையை லேசா தூக்கிப் பாருங்க, உள்ளே பிரேக் ஆயில் நின்னா அதுதான். ஆயில் குடிச்ச ஷூவைக் கழுவிப் போடாதீங்க, சூடானதும் திரும்பக் கக்கும். இரண்டு பக்கமும் புது ஷூ. டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, சிலிண்டர் பிஸ்டன் தெறிச்சிடும். தூசியை ஊதாதீங்க; பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைச்சுத் துடைங்க. மண்ணெண்ணெய் ரப்பரை உப்ப வைக்கும்.

பதில் 3: ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்ததைப் பிரிங்க, ஸ்பிரிங் எந்த ஓட்டையில்னு பார்த்துக்கலாம். ஷூ உரசும் மேடுகளில் மட்டும் கடுகளவு ஹை டெம்ப் கிரீஸ். சிலிண்டர் மாத்தினா டாட் 3 பிரேக் ஆயில் ஊத்தி, குழாயில் புகுந்த ஏரை (காற்றை) எடுக்கணும். லூஸ் பண்ணின ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில் இறுக்குங்க. முதலிலேயே இறுக்கினா ஷூ உரசிக்கிட்டே ஓடி டிரம் கொதிக்கும்.