மெக்சிகோ நகரத் தாழ்வு: சென்டினல்-1 ஓராண்டு ஜோடியில் 40 செ.மீ.க்குப் பதில் 6 செ.மீ. வருகிறது

கேள்வி:

மெக்சிகோ நகரத் தரை எவ்வளவு இறங்குகிறது என்று ரேடார் செயற்கைக்கோள் படங்களால் அளக்கிறேன். 360 நாள் இடைவெளியில் இரண்டு சென்டினல்-1 எஸ்எல்சி படங்கள் (அலையின் கட்டத்தையும், அதாவது phase-ஐயும், வைத்திருப்பவை), ஒரே இறங்குபாதை (வடக்கிலிருந்து தெற்கே செல்லும் சுற்று). ஸ்னாப் மென்பொருளில் செய்த வரிசை: ஸ்ப்ளிட், ஆர்பிட் கோப்பு, பேக் ஜியோகோடிங் (இரு படங்களையும் பொருத்துதல்), இன்டர்ஃபெரோகிராம் (இரு படங்களின் கட்ட வேறுபாட்டுப் படம்), டிபர்ஸ்ட், நிலமேட்டுக் கட்டம் நீக்கல், மல்டிலுக், கோல்ட்ஸ்டீன் ஃபில்டர், ஸ்னாஃபு (அன்ராப்பிங் நிரல்), இடப்பெயர்ச்சி.

விமான நிலையத்துக்குக் கிழக்கே, நெசவால்கோயோட்ல் பக்கம், ஆண்டுக்கு 40 செ.மீ. அளவில் இறங்கும் பகுதிகள் உண்டு. எனக்கு 6 செ.மீ.தான் வருகிறது. பர்ஸ்ட் (படம் துண்டு துண்டாக எடுக்கப்படும் பகுதி) எல்லைகளில் கட்டம் கோடு போட்டதுபோல் முறிகிறது. மேற்கே பாறை மலைகளும் 5 செ.மீ. இறங்கியதாகக் காட்டுகிறது. எங்கே பிழை?

பதில் 1:

ஜோடித் தேர்வே பிழை. அலைநீளம் 5.55 செ.மீ.; சிக்னல் போய்த் திரும்புவதால் இன்டர்ஃபெரோகிராமில் ஒரு வண்ணப்பட்டை, அதாவது கட்டத்தின் ஒரு முழுச் சுற்று, 2.8 செ.மீ. 40 செ.மீ. செங்குத்துத் தாழ்வு, 39 பாகைப் படுகோணத்தில், ரேடாரின் பார்வைத் திசையில் 31 செ.மீ. அதாவது 11 பட்டைகள். அவை ஐந்து கிலோமீட்டரில் பரவியிருந்தால் ஸ்னாஃபு சமாளிக்கும். ஆனால் பெஞோன் தெ லோஸ் பாஞோஸ், செர்ரோ தெ லா எஸ்த்ரெய்யா போன்ற எரிமலைக் குன்றுகள் பாறை. அடிவாரத்திலேயே பழைய ஏரிக் களிமண் தொடங்குகிறது. அங்கே சில நூறு மீட்டரில் அத்தனை பட்டைகளும் நெருங்கிவிடும். பக்கத்துப் பிக்சலுக்கு அரைப்பட்டைக்குள், அதாவது 1.4 செ.மீ.க்குள்தான் மாற்றம் என்ற அனுமானத்தில்தான் அன்ராப்பிங் (சுற்றிச் சுற்றி வரும் கட்டத்தை அவிழ்த்துத் தொடர் அளவாக்குதல்) நடக்கிறது. அது உடைந்தால் 2.8 செ.மீ.யின் முழு மடங்குகள் தொலையும். ஓராண்டில் கோஹெரன்ஸும் (இரு படங்களின் சிக்னல் ஒத்துப்போகும் அளவு, 0 முதல் 1 வரை) குறைந்துவிடுவதால் வழியில் பாலமாக நல்ல பிக்சல்களும் மிஞ்சாது.

24 நாள் ஜோடிகள் 15 எடுத்துச் சங்கிலியாகக் கூட்டுங்கள். ஒவ்வொன்றிலும் பார்வைத் திசையில் 2 செ.மீ. அளவே மாற்றம், ஒரு பட்டைக்கும் குறைவு. மல்டிலுக் (பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்குதல்) ரேஞ்சில், அதாவது ரேடார் பார்க்கும் திசையில், 4; அசிமுத்தில், அதாவது செயற்கைக்கோள் செல்லும் திசையில், 1 போதும். பிக்சல் ஏறத்தாழ 14 மீ. இருக்கும். மல்டிலுக்கை அதிகமாக்கினால் குன்றடியில் பட்டைகள் கரைந்துவிடும். ஏரிப்படுகையை மட்டும் வெட்டி ஒரே டைலாக ஸ்னாஃபுவுக்குக் கொடுங்கள்.

பதில் 2:

உங்கள் வரிசையில் என்ஹான்ஸ்டு ஸ்பெக்ட்ரல் டைவர்சிட்டி (இரு படங்களின் அசிமுத் பொருத்தத்தை நுணுக்கமாகத் திருத்தும் படி) இல்லை. முறிவுக்கு அதுவே காரணம். அசிமுத் பொருத்தம் பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சரியாக இருக்க வேண்டும். பேக் ஜியோகோடிங்குக்குப் பின், இன்டர்ஃபெரோகிராமுக்கு முன் அதை ஓட்டுங்கள். பர்ஸ்ட்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியை வைத்துத்தான் கணக்கு, எனவே ஸ்ப்ளிட்டில் இரண்டு பர்ஸ்டாவது வேண்டும். துல்லிய ஆர்பிட் கோப்பு படம் எடுத்து 20 நாள் கழித்தே வரும். அதற்குள் பதிவிறக்கியிருந்தால் மாற்றுங்கள்.

மலை இறங்கவில்லை. எல்லா மதிப்பும் ஒப்பீட்டு மதிப்பே. சுழியை நீங்கள்தான் கட்ட வேண்டும். தென்மேற்கே ஷிட்லே எரிமலையின் பழைய லாவாப் பரப்பான பெத்ரெகால் உறுதியான இடம். அங்கே கோஹெரன்ஸ் 0.6க்கு மேலுள்ள பிக்சல்களின் சராசரியை ஒவ்வொரு ஜோடியிலும் கழித்த பிறகே கூட்டுங்கள்.

அப்படியும் மலை மிச்சம் காட்டினால் அது வளிமண்டலம். நகரம் 2,240 மீ. உயரத்தில், சூழ்ந்த மலைகள் 3,000 மீ.க்கும் மேல்; இடையே சிக்னலைத் தாமதிக்கும் நீராவி வேறுபடும். கட்டத்துக்கும் உயரத்துக்கும் நேர்கோடு பொருத்திக் கழியுங்கள். பொருத்தும்போது ஏரிப்படுகையை விலக்குவது முக்கியம். தாழ்ந்த தரைதான் இறங்கும் தரையும். சேர்த்தால் நிஜத் தாழ்வையே கழித்துவிடுவீர்கள்.

கேட்டவர்:

முறிவு போய்விட்டது. கூட்டியதில் பார்வைத் திசையில் 29 செ.மீ.; 0.78ஆல் (39 பாகையின் கொசைன்) வகுத்தால் செங்குத்தில் 37. மழைக்கால ஜோடிகள் இரண்டு அடுத்தடுத்துக் கலங்கியிருக்கின்றன. நீக்கிவிடலாமா?

பதில் 2:

வேண்டாம், நீக்கினால் சங்கிலியில் 48 நாள் தாழ்வு போய்விடும். இரண்டுக்கும் பொதுவான நாள்தான் கலங்கிய நாள். அதன் தாமதம் ஒரு ஜோடியில் கூட்டலாகவும் அடுத்ததில் கழித்தலாகவும் வரும், மொத்தத்தில் அடித்துப்போகும். முதல் நாள், கடைசி நாள் வளிமண்டலம் மட்டும் தங்கும். அந்த இரண்டையும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட வறண்ட மாதங்களில் தேர்ந்தெடுங்கள்.

பதில் 1:

அன்ராப் பிழை அப்படி அடித்துப்போகாது. சோதிக்க, அந்தக் கலங்கிய நாளைத் தாண்டி 48 நாள் ஜோடி ஒன்று செய்து, இரு 24 நாள் ஜோடிகளின் கூட்டுத்தொகையிலிருந்து கழியுங்கள். எங்காவது 2.8 செ.மீ.யின் முழு மடங்காகத் திட்டு தெரிந்தால், மூன்றில் ஒன்று அந்த இடத்தில் தவறாக அவிழ்ந்திருக்கிறது. குன்றடிகளை முதலில் பாருங்கள்.