டு_பராமும் ஒரு பருத்திச்சாரமும்

கல்லடியிலிருந்து:
மருதமுனையில் கைத்தறி விற்கும் ஒரு கடைக்கு ரெயில்ஸில் (ரூபி மொழியில் இணையதளம் கட்டும் சட்டகம்) இணையதளம் செய்தேன். பக்கத்தின் இணைய முகவரியில் பொருளின் பெயர் தெரிய வேண்டும் என்றார் கடைக்காரர். நியாயமான ஆசைதான்.

ரெயில்ஸ் ஒரு மாடலை, அதாவது டேட்டாபேஸ் பதிவு ஒன்றை, முகவரியில் வைக்கும்போது அதன் டு_பராம் என்ற மெதட்டைக் கேட்கும். நாம் எதுவும் எழுதாவிட்டால் பதிவின் எண்ணான வெறும் ஐடிதான் வரும். நான் ஐடிக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, பெயரைப் பராமிட்டரைஸ் செய்து (முகவரிக்கு ஏற்ற சிறிய லத்தீன் எழுத்தும் கோடுமாக மாற்றி) ஒட்டினேன். ஆங்கிலப் பெயர்களில் அழகாக வந்தது. கடைக்காரர் "பருத்திச்சாரம்" என்று தமிழில் ஏற்றினார். முகவரி "12-" என்று நின்றுவிட்டது. லத்தீன் எழுத்துக்கு மாற்றத் தெரியாததையெல்லாம் பராமிட்டரைஸ் கழித்துவிடும்.

சரி, தமிழையே வைப்போம் என்று, யூனிகோட்டில் 'எழுத்து' வகை அல்லாததெல்லாம் கோடாகும்படி ஒரு ரெகெக்ஸ் (எழுத்துக்களைத் தேடி மாற்றும் விதி) எழுதினேன். வந்தது "பர-த-த-ச-ச-ரம-". பார்க்கவே மனம் சங்கடப்பட்டது. புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோட்டில் 'குறி' என்ற வேறு வகை. அதையும் சேர்த்த பிறகுதான் சொல் சொல்லாக வந்தது.

அப்புறம் லிங்கைக் கொப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரே சதவீதக் குறிகள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், பைட் ஒன்றுக்கு முகவரியில் 3 எழுத்து. 14 குறியீடுள்ள பருத்திச்சாரம் 126 எழுத்தாக நீண்டது. "தம்பி, இத ஆர் நம்பி அமத்துவாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. ஆங்கில எழுத்தில் சிறு பெயர் தட்ட ஒரு தனிப் பெட்டி வைத்தேன். முன்னால் நிற்கும் ஐடியைத் தொடவில்லை. பதிவைத் தேடும் ஃபைண்ட் அந்த 12ஐ மட்டும் எடுத்துக்கொள்வதால், பெயரைத் திருத்தினாலும் பழைய லிங்க் திறக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:
நான் ஐடியை விட்டுவிட்டு ஸ்லக்கை, அதாவது முகவரிக்கான அந்தச் சிறு பெயரை மட்டும் வைத்தேன் அண்ணா. திருத்தும் படிவத்தில் ஸ்லக்கை மாற்றி, விலையை வெறுமையாக விட்டால் வலிடேஷனில் (தரவு சரிபார்ப்பில்) தவறிப் படிவம் திரும்பி வரும். அப்போது படிவம் அனுப்பப்படும் முகவரிக்கு டு_பராம் தருவது இன்னும் சேமிக்காத புதிய ஸ்லக். டேட்டாபேஸில் இருப்பதோ பழையது. விலையைப் போட்டு மறுபடி அனுப்பினால் 404, பக்கம் இல்லை என்ற பிழை. ஒரு பகல் முழுக்க ரவுட்ஸில் (முகவரி விதிகளில்) தேடினேன். டு_பராமில் ஸ்லக்_வாஸ் (மாற்றுவதற்கு முன்பிருந்த ஸ்லக்) என்று மாற்றியதும் சரியானது.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
எனக்கிருந்த பயம், டு_பராமை மாற்றினால் பக்கத்திலுள்ள ஐடிகளை நம்பியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் உடையுமோ என்பது. உடையவில்லை. அந்த ஐடிகளை உருவாக்கும் டொம்_ஐடி பார்ப்பது டு_கீயை, அதாவது பதிவின் முதன்மைத் திறவை. டு_பராமை எப்படி மாற்றினாலும் பக்கத்திலுள்ள ஐடிகள் அப்படியே இருந்தன.