குப்பைமேட்டுக் கிணற்றுக் கல்: 1921ஆ, 1927ஆ?

லயத்துப்பிள்ளை:
நேற்று 'புதுவீடு' எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நம் ரப்பர் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் குப்பைமேட்டை மண் போட்டு மூடி வீடு கட்டலாமாம். ஓரத்தில் நிற்கிற கிணறும் முனியாண்டி கோயிலும் நூறு வருடம் ஆகாதவையாம், அதனால் மரபுடைமை என்று யாரும் வாய் திறக்கக்கூடாதாம். தம்பி, கிணற்றுச் சுவரில் பதித்த கல்லில் 1921 என்று வெட்டியிருக்கிறது. என் தாத்தா விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் பால்வெட்டுக் கத்தியை அந்தக் கல்லில்தான் தீட்டுவார். அவர் தேய்த்த பள்ளத்தில் இன்றைக்கும் என் கட்டைவிரல் அப்படியே உட்காரும். 1921. கணக்குப் போட்டுக்கொள்.

புதுவீடு:
அண்ணே, நானும் அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். போன ஞாயிறு கைபேசி வெளிச்சம் அடித்து அந்தக் கல்லைப் பார்த்தேன். 1927. கடைசி எண்ணுக்கு மேலே கோடு இருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது, தேய்த்தது உங்கள் தாத்தாவாகவே இருக்கலாம். தோட்டம் கைமாறி ஆட்களை வெளியேற்றியபோது வாடகை வீட்டுக்குப் போன குடும்பங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கின்றன. அவர்களுக்குக் கிணற்றுக் கல்லா சோறு போடும்? நம் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும்.

அல்லூர்க்கரை:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். நூறு வருடம் என்பது மலேசியாவின் 1976ஆம் வருடத்துப் பழம்பொருள் சட்டத்தில் இருந்த அளவு. அந்தச் சட்டமே போய் 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்துவிட்டது. அதில் வரலாற்று முக்கியத்துவம், மக்களோடு உள்ள தொடர்பு, அரிதான தன்மை எல்லாவற்றையும் பார்க்கலாம். 1927 என்றாலும் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது.

அப்புறம், எனக்குக் கல்லைவிட அடியில் கிடப்பதுதான் கவலை. அந்த மேட்டுக்குக் கசிவைத் தடுக்கும் அடிவிரிப்பு எதுவும் கிடையாது, வெறும் மண்ணில் கொட்டினார்கள். மழை விட்ட மறுநாள் பக்கத்து அல்லூரில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், ஓடுகிற தண்ணீர் பால் விடாத காப்பி ஓ நிறத்தில், மேலே எண்ணெய் மினுங்க ஓடுகிறது. மக்குகிற குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மூடிய அறைக்குள் காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு சேர்ந்தால் ஒரு பொறி போதும். இங்கிலாந்தில் லாஸ்கோ என்ற ஊரில் 1982இல் மூடிய குப்பைமேட்டு வாயு, மண்ணுக்குள்ளேயே நகர்ந்து 1986இல் பக்கத்து வீட்டை வெடிக்க வைத்தது, மூன்று பேருக்குப் பலத்த காயம். அந்த வீடு மேட்டின் மேல் கூட இல்லை. சிங்கப்பூரில் லோரோங் ஹாலுஸ் குப்பைமேட்டை 1999இல் மூடி, 2011இல் ஈரநிலப் பூங்காவாகத் திறந்தார்கள். இங்கே பூச்சோங் ஆயர் ஹீத்தாம் குப்பைமேட்டில் குழாய் இறக்கி வாயுவை எடுத்து மின்சாரம் செய்தார்கள். நீங்கள் மண் போட்டு மூடினால் தரை உயர்ந்து கிணறு புதையும், குப்பையைத் தோண்டி எடுத்தால் கிணற்றுச் சுவர் சரியும். தூண் இறக்கினால் கறுப்புத் தண்ணீர் நிலத்தடி நீருக்குப் போக நீங்களே வழி வெட்டிக் கொடுக்கிறீர்கள்.

லயத்துப்பிள்ளை:
சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார் தங்கச்சி. என்னை இவன் பொய்யன் என்கிறான், அதற்குப் பதில் வேண்டும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி கட்டியவர் என் அப்பா. அந்தக் குடும்பத்துக்கு 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாதா? மேலே இருக்கிற கோடு கத்திக் கீறல். கீறலை எண் என்று படிப்பவன் எங்களுக்கு வரலாறு சொல்ல வருகிறான்!

புதுவீடு:
பொய்யன் என்று நான் எங்கே சொன்னேன்? 1927 என்றேன். இப்போதும் 1927தான்.

காப்பிக்கடை மணி:
கிணறு கிணறு என்கிறவர் கோயிலுக்குக் கூரை மாற்றும்போது எங்கே போயிருந்தார்? தகரம் தூக்க நாங்கள் ஆறு பேர். ஆடித் திருவிழாக் கணக்கை இன்னும் யாரும் காட்டவில்லை, அதையும் இங்கேயே கேட்டு வைக்கிறேன்.

லயத்துப்பிள்ளை:
மணி, அந்த வாரம் என் மனைவி மருத்துவமனையில் இருந்தாள், உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதுகிறாய். திருவிழாக் கணக்கு நோட்டு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, வந்து பார். தகரம் தூக்கினேன் தகரம் தூக்கினேன் என்று எத்தனை வருடம் சொல்வாய்? நான் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தி வளர்ந்தவன், என் அம்மா என்னை அதன் அருகில்தான் குளிப்பாட்டினாள், எனக்கு அந்தக் கல் மனப்பாடம். 1921.

அல்லூர்க்கரை:
அண்ணா, சுற்றுச்சூழல் துறைக்கு ஊர் மக்கள் பெயரில் ஒரு கடிதம் வேண்டும். வாயுவும் நீரும் சோதித்துத்தான் ஆகவேண்டும். யாராவது கையெழுத்துப் போடுகிறீர்களா?

புதுவீடு:
கடிதம் போனால் வேலை இன்னும் ஐந்து வருடம் இழுக்கும். யாருக்கு லாபம்? வேறு இடத்தில் சொந்த வீடு வாங்கி நிம்மதியாக இருப்பவர்களுக்குக் கிணறு அழகாகத்தான் தெரியும்.

லயத்துப்பிள்ளை:
என்னைத்தான் சொல்கிறாய், புரிகிறது. ஷா ஆலமில் இருந்தால் ஊர் எனக்கு இல்லாமல் போய்விடுமா? ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறேன். வெள்ளைத் தாளும் அடுப்புக்கரியும் கொண்டு வருவேன். தாளைக் கல்மேல் வைத்துத் தேய்த்து எடுப்போம், ஊரே பார்க்கட்டும்.

புதுவீடு:
வாருங்கள் அண்ணே. தாளிலும் 1927தான் வரும்.

அல்லூர்க்கரை:
அன்றைக்கு அப்படியே பத்தடி தள்ளி அல்லூரையும் வந்து பாருங்கள். கடிதத்தை நான் எழுதிக்கொண்டு வருகிறேன்.

லயத்துப்பிள்ளை:
முதலில் கல்.